செல்வது எது, நிற்பது எது?



இப்பொழுது நான் ஒரு சிறிய அறையில் அமர்ந்து பேசிக்கொண்டிருக்கிறேன். சுவர்களில் ஓசையை விழுங்கும் பலகைகள் பதித்திருக்கின்றன; கதவு இறுக மூடியிருக்கிறது. என் வாயிலிருந்து புறப்படும் காற்று இந்த அறையை விட்டு வெளியேறப் போவதில்லை. ஆயினும் என் சொற்கள் உங்கள் வீட்டுக் கூடத்தில் ஒலிக்கின்றன. அப்படியானால் இங்கிருந்து அங்கே வந்து சேர்ந்தது எது? காற்று வரவில்லை, நானும் வரவில்லை. ஏதோ ஒன்று வந்திருக்கிறது என்பதில் மட்டும் ஐயமில்லை. வானொலிப் பெட்டியிலுள்ள ஒலிபெருக்கி அதிர்கிறது. உங்கள் செவிப்பறை அசைகிறது. ஒன்றும் வராமல் ஒன்றும் அசையாதல்லவா?

இந்தக் கேள்வியைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து ஆராயலாமென்று எண்ணுகிறேன். பௌதிகப் புத்தகத்தில் ஆற்றல் ஓர் அத்தியாயம், வெப்பம் ஓர் அத்தியாயம், அலைகள் ஓர் அத்தியாயம். மூன்றுக்கும் இடையில் தேர்வு வந்து சுவர் எழுப்பிவிடுகிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவற்றைக் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மூன்றிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்வது எது? செல்லாமல் நிற்பது எது? இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுத் தந்தது புத்தகமன்று. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன். அதற்கு நான் அவனுக்கு அளித்த கைம்மாறு தண்டனை. அக்கதையை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

முதலில் ஆற்றல். 'வேலை செய்யும் திறனே ஆற்றல்' என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். அந்த வாக்கியத்தைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு கிணற்றங்கரைக்கு வாருங்கள். நீர்மட்டம் 10 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. வாளி 10 லிட்டர் கொள்வது. வாளியின் எடையையும் கயிற்றின் எடையையும் கணக்கில் கொள்ளாமல் விட்டால், ஒரு வாளி நீரை மேலே கொண்டுவர 980 ஜூல் ஆற்றல் செலவாகிறது. பத்து வாளி இறைத்தால் தோள் வலிக்கும். முப்பது வாளி இறைத்தவர் திண்ணையைத் தேடிப் போய்ச் சாய்ந்துவிடுவார். இப்பொழுது அடுக்களைக்குச் செல்வோம். ஒரு டம்ளர் நீர், அதாவது 200 மில்லிலிட்டர், 30 பாகை வெப்பநிலையில் இருக்கிறது. அதை 100 பாகைக்குக் கொண்டுவர எவ்வளவு ஆற்றல் வேண்டும்? ஒரு கிலோகிராம் நீரை ஒரு பாகை உயர்த்த 4,186 ஜூல் என்ற கணக்கில் பார்த்தால், ஏறக்குறைய 58,600 ஜூல் வேண்டும். அறுபது வாளி நீரை இறைக்கும் உழைப்பு ஒரு டம்ளர் வெந்நீருக்குள் அடங்கிக் கிடக்கிறது! காலையில் காப்பிக்காக அடுப்பை மூட்டும்போது நாம் எவ்வளவு பெரிய வேலைக்காரனை ஏவுகிறோம் என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை.

இங்கே ஒரு சொல்லைப் பற்றியும் கூற விரும்புகிறேன். பழைய பாடநூல்களில் 'சக்தி' என்றிருந்தது பின்னர் 'ஆற்றல்' ஆயிற்று. நாம் செயலையும் ஆற்றுகிறோம், காப்பியையும் ஆற்றுகிறோம். மொழிநூல் வல்லார் இதை எப்படிப் பிரிப்பார்களோ, அறியேன். ஆனால் வேலை செய்வதையும் வெப்பத்தை விட்டுவிடச் செய்வதையும் ஒரே ஒலியால் குறிக்கும் மொழியில் பௌதிகம் கற்பிப்பது எனக்கு என்றும் மகிழ்ச்சி தந்திருக்கிறது.

கிணற்றில் இறைக்கும் உழைப்பையும் அடுப்பின் சூட்டையும் ஒரே அளவுகோலால் அளந்துவிட்டேன். அவ்விரண்டும் ஒரே இனம் என்பது எப்படித் தெரியும்? இதை நம்ப மனித குலத்துக்கு நெடுங்காலம் ஆயிற்று. பிரான்சு நாட்டு அறிஞர் லவாசியே 1789ஆம் ஆண்டில் வெளியிட்ட தனிமங்களின் பட்டியலில் ஆக்சிஜன், ஹைட்ரஜன் முதலியவற்றோடு வெப்பத்தையும் 'காலரிக்' என்ற பெயரில் ஒரு பொருளாகச் சேர்த்திருந்தார். கண்ணுக்குப் புலப்படாத, எடையில்லாத ஒரு பாய்மம்; சூடான பொருளில் அது மிகுதி; குளிர்ந்த பொருளில் குறைவு; தொட்டுக்கொண்டால் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பாயும். இதைக் கேட்டு நகைக்காதீர்கள். 'வெப்பம் பாய்கிறது' என்று இன்றும் நாம் சொல்கிறோமே, அது காலரிக் விட்டுச்சென்ற மொழிதான்.

அக்கொள்கையைக் குலைத்தது ஒரு பீரங்கித் தொழிற்சாலை. ரம்ஃபோர்டு பிரபு என்பவர் ஜெர்மனியின் மியூனிக் நகரில் பீரங்கிகளுக்குத் துளையிடும் வேலையை மேற்பார்த்து வந்தார். துளையிடுகையில் உலோகம் கடுமையாகச் சூடேறுவதைக் கண்டார். மழுங்கிய துளைக்கருவி ஒன்றை எடுத்து, பீரங்கிக் கட்டையைச் சுற்றி நீர் நிறைந்த பெட்டியை அமைத்து, குதிரைகளைக் கொண்டு சுழலச் செய்தார். நெருப்பு எங்கும் இல்லை. ஆயினும் இரண்டரை மணி நேரத்தில் அந்த நீர் கொதித்தது. சூழ நின்றவர்கள் வியந்து நின்றதை அவரே எழுதியிருக்கிறார். 1798இல் வெளியான அந்தக் கட்டுரையின் வாதம் எளிது. வெப்பம் ஒரு பொருளானால், உலோகத்துக்குள் அது ஓர் அளவோடுதான் இருக்கும். எடுக்க எடுக்கத் தீரவேண்டும். ஆனால் குதிரை சுற்றும் வரையில் வெப்பம் வந்துகொண்டே இருந்தது. உள்ளே சென்றது குதிரையின் உழைப்பு ஒன்றே. ஆகவே வெளியே வந்ததும் அதன் மாற்றுருவமே. நம் வீட்டில் மாவு ஆட்டும் தாய்மார்கள், இயந்திரத்தில் அரைத்த மாவு சூடாகிவிடுகிறது என்று குளிர்ந்த நீரைத் தெளித்துக்கொள்கிறார்கள். ரம்ஃபோர்டு கண்டதையே அவர்களும் நாள்தோறும் காண்கிறார்கள். எழுதி அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

எத்தனை உழைப்புக்கு எத்தனை வெப்பம் என்ற கணக்கைத் தீர்த்தவர் இங்கிலாந்தில் மாஞ்செஸ்டர் நகரையடுத்து வாழ்ந்த ஜூல். பல்கலைக்கழகப் பேராசிரியரல்லர், மதுவடிக்கும் தொழிலுடைய குடும்பத்தில் பிறந்தவர். எடைக்கற்கள் கீழிறங்கும்போது நீருக்குள் துடுப்புச் சக்கரம் ஒன்று சுழலும்படி செய்து, நீரின் வெப்பநிலை எவ்வளவு ஏறுகிறதென்று பல ஆண்டுகள் பொறுமையாக அளந்தார். அந்த ஏற்றம் மிகச் சிறிது. அதை அளக்க வல்ல வெப்பமானியும், அதைப் படிக்க வல்ல கண்ணும் அவரிடம் இருந்தன. நயாகரா அருவி 160 அடி விழுவதால் அதன் நீர் ஃபாரன்ஹீட் அளவில் ஐந்தில் ஒரு பங்கு பாகை சூடேறவேண்டும் என்று 1845இல் கணக்கிட்டார். இன்றைய கணக்கில் நீர் ஒரு செல்சியஸ் பாகை சூடேற ஏறத்தாழ 427 மீட்டர் உயரத்திலிருந்து விழவேண்டும். கருநாடகத்திலுள்ள ஜோக் அருவியின் உயரம் 253 மீட்டர். அதன் அடிவாரத்தில் நீர் அரைப் பாகைக்குச் சற்று மேலாகச் சூடேறியிருக்க வேண்டுமல்லவா? வெப்பமானியை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். விழும் நீர் திவலை திவலையாகச் சிதறி, காற்றில் ஆவியாகிக் குளிர்ந்துவிடுகிறது. ஈட்டிய வெப்பத்தைவிட இழந்த வெப்பம் மிகுதி. குற்றாலத்தில் நடுங்கி நின்றவர்களுக்கு இது விளங்கும்.

ஆற்றல் இருக்கும் இடத்தைப் பார்த்தோம். இனி அது பயணம் செய்யும் வகையைப் பார்ப்போம். வெப்பம் பரவும் முறைகள் மூன்று: கடத்தல், சலனம், கதிர்வீசல். இவற்றைப் பட்டியலாக ஒப்பிக்காமல், நம் கேள்வியை ஒவ்வொன்றிடமும் கேட்போம்.

வீடு கட்டும் இடத்தில் ஆட்கள் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றிக் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆள் நின்ற இடத்திலேயே நிற்கிறார், செங்கல் செல்கிறது. கரண்டியின் ஒரு முனை கொதிக்கும் குழம்பில் இருக்க மறுமுனை கையைச் சுடுவது இவ்வாறே. உலோகத்தின் அணுக்கள் இடம்பெயர்ந்து வருவதில்லை, தம்மிடத்திலேயே அதிர்கின்றன. உலோகத்துக்குள் திரியும் நுண்ணிய எலெக்ட்ரான்கள் அந்த அதிர்வின் ஆற்றலை விரைவாகக் கைமாற்றுகின்றன. இதில் எல்லா உலோகமும் சமமன்று. தாமிரம் கடத்துவதில் ஏறத்தாழ இருபத்தைந்தில் ஒரு பங்குதான் எவர்சில்வர் கடத்துகிறது. எவர்சில்வர் பாத்திரத்தின் அடியில் தாமிரத் தகட்டை ஒட்டி விற்பதன் இரகசியம் இதுவே. அத்தகடு இல்லாவிட்டால் தீ படும் இடத்தில் மட்டும் பால் அடிப்பிடிக்கும். தை மாதத்து விடியற்காலையில் மரப்பெஞ்சைத் தொட்டுப் பாருங்கள். இரும்புக் கதவைத் தொட்டுப் பாருங்கள். இரும்பு குளிர்ந்திருப்பதாகத் தோன்றும். வெப்பமானி வைத்தால் இரண்டும் ஒன்றே. உங்கள் கையிலிருந்து ஆற்றலை விரைந்து வாங்கிக்கொண்டு போவது இரும்பு. கை அளப்பது வெப்பநிலையையன்று. இழப்பின் வேகத்தையே கை அளக்கிறது.

சலனம் வேறுவகை. இங்கே செங்கல்லை ஏந்திக்கொண்டு ஆளே நடந்து செல்கிறார். உலைநீரின் அடிப்பகுதி சூடேறி, விரிந்து, இலேசாகி மேலெழுகிறது. மேலே குளிர்ந்திருந்த நீர் கீழிறங்குகிறது. பிற்பகலில் நம் கடற்கரை ஊர்களில் வீசும் கடற்காற்றும் இதுவே. நிலம் விரைவில் சூடேறும். கடல் மெதுவாகவே சூடேறும். நிலத்தின் மேலுள்ள காற்று எழ, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வருகிறது. இதில் பொருளும் செல்கிறது, ஆற்றலும் செல்கிறது. இதைப் பற்றி மேலும் கூற வேண்டியதில்லை.

மூன்றாவதுதான் நம்மைத் திகைக்க வைப்பது. சூரியனுக்கும் நமக்கும் இடையே சுமார் 15 கோடி கிலோமீட்டர். அந்த வெளியில் கைமாற்றிக் கொடுக்க ஆட்களும் இல்லை. சுமந்து வர ஆட்களும் இல்லை. ஆயினும் வெயில் எட்டு நிமிடம் இருபது விநாடியில் வந்து சேர்கிறது. காற்று மண்டலத்தின் உச்சியில், வெயிலுக்கு நேரே பிடித்த ஒவ்வொரு சதுர மீட்டரிலும் விநாடிக்கு ஏறக்குறைய 1,361 ஜூல் வந்து விழுகிறது. 'அவ்வளவு வெப்பம் கடந்து வருகிற வழி ஏன் சூடாக இல்லை?' என்று மாணவர்கள் கேட்பதுண்டு. மிக நல்ல கேள்வி. விடை இதுதான்: வழியில் வருவது இன்னும் வெப்பமாகவில்லை. அது கதிர். ஒரு பொருள் அதை விழுங்கும்போதுதான் அப்பொருளின் அணுக்கள் அதிர்ந்து, அது வெப்பமாகிறது. விழுங்க யாருமில்லாத வெளியில் அது வெறும் வழிப்போக்கன்.

இந்த வழிப்போக்கனின் குலத்தை 1800ஆம் ஆண்டில் கண்டவர் வில்லியம் ஹெர்ஷல். கோள்களையும் விண்மீன்களையும் ஆராய்ந்த அந்த வானநூலறிஞர், சூரிய ஒளியை முப்பட்டகக் கண்ணாடியால் வானவில்லாக விரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானி ஏறியது! எந்த நிறமும் விழாத இருட்டில் ஏதோ ஒன்று வந்து விழுந்துகொண்டிருந்தது. இன்று அதை அகச்சிவப்புக் கதிர் என்கிறோம். அடுப்பின் எதிரே அமர்ந்தால் முகத்தில் உறைப்பதும் அதுவே. ஒளியும், அகச்சிவப்பும், என் குரலை உங்களிடம் கொண்டுவரும் வானொலி அலையும் ஒரே குடும்பம். எல்லாம் மின்காந்த அலைகள். வெறுவெளியில் எல்லாவற்றுக்கும் ஒரே வேகம்: விநாடிக்கு மூன்று இலட்சம் கிலோமீட்டர். சென்னையில் பேசுபவர் குரலை ஏந்திய வானொலி அலை குமரி முனையை அடைய ஒரு விநாடியில் நானூறில் ஒரு பங்கு போதும். அந்த நேரத்தில் காற்றின் வழியே செல்லும் குரல் அவர் எதிரே ஒரு மீட்டர்கூடச் சென்றிருக்காது. இடையிலுள்ள கருவிகளின் தாமதம் இல்லாவிட்டால், மேசைக்கு அப்புறம் மூன்று மீட்டர் தள்ளி அமர்ந்திருப்பவரைவிட, குமரியில் பெட்டிக்கு அருகே காதை வைத்திருப்பவர் முந்திக் கேட்பார்.

வெப்பத்தைத் துரத்திக்கொண்டு வந்து அலையில் முடிந்திருக்கிறோம். ஆகவே அலை என்பது யாது என்று இனிக் கேட்க வேண்டும். முன்னர் வாக்களித்த கதைக்கு இடம் இதுதான்.

1984ஆம் ஆண்டு. பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்த எனக்கு வயது 24. கடலோரக் கிராமம் ஒன்றை அடுத்த பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. கரும்பலகையில் கடலையும் கரையையும் வரைந்து, நடுக்கடலிலிருந்து கரையை நோக்கி அம்புக்குறிகள் இட்டு, 'அலைகள் நீரைக் கரைக்குக் கொண்டுவருகின்றன' என்று கூறினேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். மீனவர் வீட்டுப் பிள்ளை. "இல்லை சார். அலைதான் வரும், தண்ணீர் வராது. வலையின் மிதவை அலைமேல் ஏறும், இறங்கும், அங்கேயே நிற்கும். தண்ணீரே வருவதானால் இதற்குள் எங்கள் ஊர் முழுகியிருக்குமே, சார்" என்றான். வகுப்பு சிரித்தது. அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பதாக எனக்குத் தோன்றியது. பாடவேளை முடியும் வரை அவனை நிற்க வைத்தேன்.

அலைக்குரிய இலக்கணம் எனக்குத் தெரியாததன்று. 'ஊடகத்தின் துகள்கள் தத்தம் இடத்தில் அலைவுற, ஆற்றல் மட்டும் பரவுவது அலை' என்று கல்லூரித் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றிருக்கிறேன். ஆனால் அந்த இலக்கணம் என் குறிப்பேட்டில் இருந்தது. அதில் கடல் இல்லை. அன்று மாலை கோயில் குளத்தங்கரையில் அமர்ந்து, ஓர் உலர்ந்த இலையை மிதக்கவிட்டு, சற்றுத் தள்ளிக் கல்லை எறிந்தேன். வளையங்கள் இலையைக் கடந்து படித்துறை வரை சென்றன. இலை எழுந்தது, தாழ்ந்தது. இருந்த இடத்திலேயே இருந்தது. சில வாரங்கள் கழித்து அந்த மாணவனின் தந்தையாரே என்னைக் கட்டுமரத்தில் ஏற்றிச் சென்றார். கரையருகே உடையும் அலைகளைத் தாண்டியதும் எல்லாம் அடங்கிவிட்டது. பெரிய அலை வரும், நம்மைத் தூக்கும், இறக்கும், நம்மை அங்கேயே விட்டுவிட்டுக் கரையை நோக்கிப் போகும். கரையை அது அறையும் ஓசை தொலைவிலிருந்து கேட்டது. உண்மையில் நீர்த்துகள் ஒவ்வொன்றும் ஒரு சிறு வட்டம் போட்டுவிட்டு ஏறக்குறையப் புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறது. ஆழம் செல்லச்செல்ல வட்டம் சிறுத்து மறைகிறது. செல்வது வடிவமும் ஆற்றலும், நிற்பது நீர்.

வகுப்பில் அம்புக்குறிகளை அழித்துவிட்டுப் படத்தைத் திருத்தி வரைந்தேன். ஆனால் 'அவன் சொன்னதே சரி' என்று அனைவர் முன்னிலையிலும் சொல்ல எனக்கு நா எழவில்லை. பாடத்தைத் திருத்தினேனேயன்றி என்னைத் திருத்திக்கொள்ளவில்லை.

இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை ஆறரை மணிக்குச் சற்று முன்பு, சுமத்திரா அருகே கடலடியில் நிலம் பிளந்தது. பிளவு அந்தமான் வரை 1,200 கிலோமீட்டருக்கு மேல் நீண்டது. கடல் தரை சில மீட்டர் திடீரென உயர்ந்து, அதன்மேல் நின்ற கடல் முழுவதையும் தூக்கிவிட்டது. அந்த ஓர் இடத்திலிருந்து இரண்டு வகை அலைகள் புறப்பட்டன. ஒன்று பூமியின் பாறை வழியே வந்த அதிர்வு. அது விநாடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்து சில நிமிடங்களில் நம் கரையை அடைந்தது. சென்னையில் பலர் அதை உணர்ந்தனர். மற்றொன்று நீர் வழியே வந்த அலை. ஆழ்கடலில் இத்தகைய அலையின் வேகத்தைக் கணக்கிட எளிய வழி உண்டு. ஆழத்தை மீட்டரில் எடுத்து, புவியீர்ப்பு முடுக்கமான 9.8ஆல் பெருக்கி, வர்க்கமூலம் காணுங்கள். 3,000 மீட்டர் ஆழத்தில் விநாடிக்கு 171 மீட்டர். அதாவது மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல். விரைவு மிகுதிதான், எனினும் பாறை வழியே வந்த அதிர்வுக்கு முன் அது ஆமை. நம் கரையை அடைய அதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

அந்த இரண்டு மணி நேரத்தை எண்ணிப் பாருங்கள், நண்பர்களே. முதல் அலை செய்தியைக் கொண்டுவந்து கதவைத் தட்டிவிட்டது. இரண்டாம் அலை இன்னும் வழியில் இருந்தது. வானொலி அலைக்கோ அந்தத் தூரம் ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கு வேலை. ஆனால் தட்டியது யாரென்று அறிந்து உரக்கச் சொல்லும் ஏற்பாடு அன்று இந்தியப் பெருங்கடலில் இல்லை. பசிபிக் கடலுக்கு 1949 முதலே அத்தகைய எச்சரிக்கை நிலையம் இருந்தது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல்.

நடுக்கடலில் அந்த அலை எவ்வளவு உயரமிருந்தது தெரியுமா? நிலநடுக்கத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரத்துக்குப்பின் மேலே கடந்து சென்ற செயற்கைக்கோள் ஒன்று அளந்தது: ஏறக்குறைய 60 சென்டிமீட்டர். ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். படகில் இருப்பவரை அது பல நிமிடங்களில் மெல்ல உயர்த்தி மெல்ல இறக்கிவிடும். அவருக்குத் தெரியவே தெரியாது. கரையருகே ஆழம் 10 மீட்டராகக் குறையும்போது அதே கணக்கின்படி வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர் ஆகிவிடுகிறது. முன்னே செல்வது தயங்க, பின்னே வருவது நெருங்க, ஆழ்கடலில் 3,000 மீட்டர் நீரில் பரந்திருந்த ஆற்றல் முழுவதும் சிறிதளவு நீரில் திணிக்கப்படுகிறது. அலை எழுகிறது. இங்கேதான் நம் இலக்கணம் உடைகிறது: எழுந்து உடைந்த பின் அது அலையன்று, ஓடும் நீர். அப்போது நீரும் வருகிறது. 'சுனாமி' என்ற ஜப்பானியச் சொல்லுக்குத் துறைமுக அலை என்று பொருள். கடலில் ஒன்றையும் காணாமல் துறைமுகத்துக்குத் திரும்பி அழிவைக் காணும் மீனவர் வாழ்வுக்கு ஏற்ற பெயர்.

அன்று தாய்லாந்தின் புக்கெட் தீவில் டில்லி ஸ்மித் என்னும் பத்து வயது ஆங்கிலச் சிறுமி, கடல் நுரைத்துக் குமிழியிடுவதைக் கண்டு, இரண்டு வாரங்களுக்கு முன் பூகோள வகுப்பில் கற்ற பாடத்தை நினைவுகூர்ந்து, பெற்றோரிடம் கூவினாள். அந்தக் கடற்கரை காலி செய்யப்பட்டது. அங்கே உயிரிழப்பு இல்லை. ஆனால் கடல் பின்வாங்கினால்தான் ஆபத்து என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது. பிளவின் கிழக்கே கடல் தரை தாழ்ந்தது. ஆகவே தாய்லாந்தில் முதலில் பள்ளம் வந்து, கடல் உள்வாங்கியது. மேற்கே தரை உயர்ந்தது. ஆகவே நம் கரைக்கு முதலில் வந்தது முகடு. முன்னறிவிப்பாகக் கடல் விலகிக் காட்டவில்லை. முதல் அலை வடிந்து நீர் பின்வாங்கியதைக் கண்டு வேடிக்கை பார்க்க இறங்குபவர்களை அடுத்த அலை பற்றிக்கொள்ளும். நிலம் நெடுநேரம் அதிர்ந்தால் கடற்கரையை விட்டு மேட்டுக்கு ஓடுங்கள். கடல் என்ன செய்கிறதென்று நின்று பார்க்காதீர்கள்.

என் மாணவன் அன்று கடலில் இருந்தார். இருபது ஆண்டுகளில் 'அவன்' 'அவர்' ஆகிவிட்டார். சொந்தப் படகு வைத்திருந்தார். நண்பகலில் திரும்பும் வரை அவருக்கு எதுவும் தெரியாது. திரும்பியபோது அவர் கண்டதை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அது அவருடையது.

2007ஆம் ஆண்டு அக்டோபரில் ஹைதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் மையத்தில் நம் நாட்டின் சுனாமி எச்சரிக்கை நிலையம் செயற்படத் தொடங்கியது. நில அதிர்வை வாங்கும் கருவிகளோடு, ஆழ்கடலின் தரையில் அமர்ந்து, தலைக்கு மேலுள்ள நீரின் அழுத்தம் சிறிதே மாறினாலும் உணர்ந்து சொல்லும் கருவிகளும் அதற்குண்டு. 2012ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் பிற்பகல் இரண்டு மணிக்குச் சற்றுப் பின்னர் சுமத்திராவுக்கு மேற்கே மீண்டும் கடலடி அதிர்ந்தது. அளவு 8.6. சென்னையில் கட்டடங்களிலிருந்து மக்கள் தெருவுக்கு ஓடிவந்தனர். சில நிமிடங்களில் எச்சரிக்கை வந்தது. ஆனால் இம்முறை பாறைகள் பக்கவாட்டில் நழுவினவேயன்றிக் கடல் தரையைப் பெரிதும் உயர்த்தவில்லை. பாறைக்குக் கிடைத்த ஆற்றலில் நீருக்குக் கிடைத்தது அற்பம். சிறு அலைகளே வந்தன. மாலைக்குள் எச்சரிக்கை விலக்கப்பட்டது.

அது விலக்கப்படுவதற்கு முன், பள்ளி மைதானத்தில் பிள்ளைகளை அமர்த்திவிட்டு நின்றிருந்த எனக்குத் தொலைபேசி வந்தது. அவர்தான். ஊரை மேட்டுக்கு அனுப்பியாயிற்று என்றார். தம்முடைய படகும் இன்னும் சில படகுகளும் கடலில் இருப்பதாகவும், கரைக்குத் திரும்ப வேண்டாம், ஆழத்திலேயே நில்லுங்கள் என்று வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டதாகவும் கூறினார். "சரியாகத்தானே சொன்னேன், சார்?" என்று கேட்டார்.

"சரிதான், தம்பி. அன்று வகுப்பில் நீ சொன்னதும் சரிதான்" என்றேன்.

மறுமுனையில் சற்று நேரம் காற்றின் ஓசைதான் கேட்டது.

"எந்த வகுப்பில், சார்?" என்று கேட்டார். அவருக்கு நினைவில்லை.